சொந்தச் சுருட்டுகளை எரித்த வணிகர்

ஜெனீவா என்றால் வன்னி மக்களுக்கு மனித உரிமைப் பேரவைதான் நினைவுக்கு வரும். சுருட்டுப் பிரியர்களுக்கோ அது சீனோ டேவிடோப்பின் நகரம்.

1906இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த சீனோ, 1911இல் பெற்றோருடன் அங்கு புலம்பெயர்ந்தார். தந்தை புகையிலைக் கடை திறந்தார். இளமையில் கியூபாவில் தொழில் கற்றுத் திரும்பியவர், கடையின் நிலவறையில் ஈரப்பதம் குன்றாமல் கியூபச் சுருட்டுகளைப் பேணி முதிரவைத்தார். அறுபதுகளின் இறுதியில் அவரது பெயரிலேயே கியூபாவில் சுருட்டுகள் தயாராகின. பின்னர் தரம் குறைந்துவிட்டதாகக் கருதி, 1989இல் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான சுருட்டுகளை எரித்தார். உற்பத்தி டொமினிக்கன் குடியரசுக்கு மாறியது. 1994இல் ஜெனீவாவில் காலமானார்.

கியூபாவில் தயாரான அந்தப் பழைய பெட்டிகளைச் சேகரிப்போர் இன்றும் தேடுகின்றனர். 1985 முதல் கியூபப் பெட்டிகளின் அடியில் தொழிற்சாலையும் மாதமும் ஆண்டும் இரகசிய எழுத்துகளாகப் பொறிக்கப்பட்டன. சுருட்டின் வயதைச் சொல்வது அந்தக் குறியீடுதான்.