இராவணன் கோட்டையில் விளக்கேற்றியவர்

ஒவ்வோர் ஆண்டும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் புறப்படும் பாதயாத்திரை முல்லைத்தீவைத் தாண்டி, கிழக்குக் கரையோரமாக ஒக்கந்தைக்குப் போய், கும்புக்கன் ஆற்றைக் கடந்து யால காட்டுக்குள் நுழைகிறது. அங்கே நடப்பவர்களுக்கு இடப்பக்கம் கடல். கரையிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி, அலை மோதும் பாறைத்தொடர்களின் மேல் இரண்டு கருங்கல் வெளிச்சவீடுகள் நிற்கின்றன. கடல் வரைபடங்களில் அவை கிரேட் பாஸஸ், லிட்டில் பாஸஸ். ஊர் வழக்கில் பெரிய இராவணன் கோட்டை, சின்ன இராவணன் கோட்டை.

இந்தக் கோட்டைகளில் விளக்கேற்ற வழி செய்தவர் சேர் ஜேம்ஸ் நிக்கலஸ் டக்ளஸ். (இந்தப் பெயர் எங்கள் அரசியலில் வேறொருவரை நினைவூட்டும். இவர் விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயப் பொறியியலாளர்.)

1826 ஒக்டோபர் 16 அன்று லண்டனின் போ பகுதியில் பிறந்தார். தந்தை நிக்கலஸும் பொறியியலாளர்தான். இங்கிலாந்தின் வெளிச்சவீடுகளைப் பராமரிக்கும் ட்ரினிற்றி ஹவுஸ் நிறுவனத்தில் 1839இல் சேர்ந்தவர். மகன் ஒரு பொறியியல் பட்டறையில் தொழில் பழகிவிட்டு, 1847இல் தந்தையுடன் பிஷப் ரொக் பாறைக்குப் போனார். இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால், அத்லாந்திக் கடலின் முழு அடியையும் வாங்கும் இடம் அது.

அங்கே முதலில் எழுந்தது இரும்புக் கோபுரம். இரும்புக் கால்களை நட்டால் அலை இடையால் புகுந்து போய்விடும், கோபுரத்துக்கு ஒன்றும் ஆகாது என்பது கணக்கு. மூன்றாண்டு வேலை. விளக்குப் பொருத்துவது ஒன்றுதான் மிச்சம். 1850 பெப்ரவரி 5 இரவு வீசிய புயல் முழுவதையும் அள்ளிக்கொண்டு போனது. நல்ல காலம், அப்போது அதில் ஆள் இல்லை.

தந்தையும் மகன்மாரும் திரும்பவும் அதே பாறைக்கே போனார்கள். இம்முறை கருங்கல். பக்கத்தில் இருந்த ஆளில்லாத் தீவொன்றில் தொழிலாளருடன் தங்கி, கடல் இறங்கிய நேரமெல்லாம் பாறையில் ஏறி வேலை செய்தார்கள். 1858இல் விளக்கு எரிந்தது. எட்டு வருட இடைவெளி. வீடு போன இடத்திலேயே திரும்ப அத்திவாரம் போட்டவர்களுக்கு இந்த எட்டு வருடத்தை விளக்கத் தேவையில்லை.

1862இல் ஜேம்ஸ் டக்ளஸ் ட்ரினிற்றி ஹவுஸின் தலைமைப் பொறியியலாளரானார். அவர் மேசைக்கு வந்த சிக்கல்களில் ஒன்று இலங்கையின் பாஸஸ் பாறை. கல்லடித்தளத்தின் மேல் இரும்புக் கோபுரம் என்ற திட்டத்தில் அங்கே ஏற்கனவே சுமார் 40,000 பவுண் செலவாகியிருந்தது. பலன் எதுவும் இல்லை. இரும்பை நம்பிக் கெட்ட கதையைக் கண்ணால் கண்டவர் டக்ளஸ். முழுதும் கருங்கல் என்றார்.

ஸ்கொட்லாந்தின் டல்பீற்றி கற்சுரங்கத்தில் கற்கள் வெட்டப்பட்டன. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடும் மேல், கீழ்க் கற்களோடும் பல்லும் குழியுமாகப் பூட்டிக்கொள்ளும். அது தந்தை நிக்கலஸ் கண்ட உத்தி. கற்கள் கப்பலில் காலித் துறைமுகம் வந்து, அங்கிருந்து பாறைக்குப் போயின. தென்கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் சில மாதங்களில் மட்டுமே வேலை. பாறையில் நின்று கட்டுவித்தவர் தம்பி வில்லியம். 1873 மார்ச் 10 அன்று பெரிய இராவணன் கோட்டை ஒளிர்ந்தது. சின்னது 1878இல்.

இந்த வெளிச்சம் யாருக்காக? எங்கள் வள்ளங்களுக்காக அல்ல. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. நீராவிக்கப்பல்கள் இலங்கையின் தென்கரையைச் சுற்றிக் கல்கத்தாவுக்குப் போயின. கப்பலும் சரக்கும் உடையக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பவுண். வடக்குக்கு அந்த அவசரம் இருக்கவில்லை. 1914இல் தலைமன்னாருக்கும் இந்தியாவுக்குமிடையே கப்பல் சேவை தொடங்கிய காலத்தையொட்டித் தலைமன்னாரிலும், 1916இல் பருத்தித்துறையிலும் காரைநகரிலும் வெளிச்சவீடுகள் எழுந்தன. யாருக்காக ஏற்றினாலும், இரவில் தொழிலுக்குப் போனவன் அதைப் பார்த்துத்தான் கரை பிடித்தான். பருத்தித்துறையில் அந்த இடத்தின் பெயரே வெளிச்சவீட்டடி.

டக்ளஸுக்குப் பெரும் புகழ் தந்தது இங்கிலாந்தின் எடிஸ்டன். 1759இல் ஜோன் ஸ்மீற்றன் கட்டிய கோபுரத்தில் பழுது இல்லை. அது நின்ற பாறையைத்தான் கடல் அரித்துவிட்டது. பக்கத்துப் பாறையில் டக்ளஸ் புதிதாகக் கட்டினார். ஸ்மீற்றனின் வளைந்த அடிப்பகுதியில் அலை வழுக்கி ஏறி விளக்கையே மூடும். ஆகவே அடியில் நேரான பெரிய உருளையை வைத்தார். அலை அங்கேயே மோதி உடையும். இதே மாதிரியான உருளை அடித்தளம் அதற்கு முன்பே பெரிய இராவணன் கோட்டையில் இருந்தது. 1882 மே 18 அன்று எடிஸ்டன் எரிந்தது. அந்த வருடமே சேர் பட்டம். பழைய கோபுரத்தின் மேற்பகுதியைக் கல் கல்லாகக் கழற்றிப் பிளிமத் நகர்க் கரையில் திரும்ப நிறுத்திவைத்தார்கள்.

எங்கள் கரையில் அப்படி நடக்கவில்லை. முல்லைத்தீவின் வெளிச்சவீடு போருக்குத் தப்பவில்லை. பருத்தித்துறை வெளிச்சவீடு படைமுகாமுக்குள் அகப்பட்டு, ஊரவர் கிட்டப் போக முடியாத இடமானது. இரவுத் தொழிலுக்கே தடை விதிக்கப்பட்ட வருடங்களில் கடலில் ஒரு சிறு விளக்கும் ஆபத்து. வெளிச்சம் வழியையும் காட்டும், ஆளையும் காட்டிக்கொடுக்கும் என்பது டக்ளஸின் கணக்குகளில் வராத விடயம்.

இலங்கையின் மிக உயரமான வெளிச்சவீடும் அவர் வடிவமைத்ததே: 1890இல் ஏற்றப்பட்ட, 49 மீற்றர் உயரமான தேவேந்திரமுனை. 1892இல் பக்கவாதத்தால் ஓய்வுபெற்று, 1898 ஜூன் 19 அன்று வைற் தீவில் இறந்தார்.

2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலை இரண்டு இராவணன் கோட்டைகளிலும் மோதியது. கோபுரங்கள் சாயவில்லை. அதே காலையில் முல்லைத்தீவின் கரையோரக் குடியிருப்புகள் அள்ளுண்டு போயின. தெற்கே அந்த இரண்டு விளக்குகளும் இன்றும் இரவில் மின்னுகின்றன. முல்லைத்தீவுப் படகுகள் ஜிபிஎஸ் கருவியையும், தொலைபேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கையும் பார்த்துக் கரை திரும்புகின்றன.