முதற் பராந்தகனும் உத்தரமேரூர்ச் சபையின் விதித்திருத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

முதற் பராந்தகனின் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டையும் ஒப்பிட்டு, ஓர் ஊராட்சி தன் அடிப்படை விதிகளை எவ்வாறு மறு ஆய்வு செய்து திருத்தியது என்பதையும், அதில் வேந்தன் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பராந்தகன், உத்தரமேரூர், மகாசபை, வியவஸ்தை, குடவோலை, வாரியம்.

1. போர்க்களத்து வேந்தன்

முதலாம் ஆதித்தனின் மகனான பராந்தகன் கி.பி. 907இல் அரியணை ஏறினான். தொடக்க ஆண்டுகளிலேயே பாண்டியன் இரண்டாம் இராசசிம்மனை வென்று, மதிரை கொண்ட கோப்பரகேசரி எனப் பெயர் பெற்றான். வெள்ளூர்ப் போரில் பாண்டியருக்குத் துணைநின்ற ஈழப்படையும் தோற்றது. இராசசிம்மன் ஈழத்திற்குச் சென்று, தன் முடியை அங்கே அடைக்கலமாக வைத்தான். வடக்கில் வாணரை வென்று அவர்தம் நாட்டைக் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்கு வழங்கினான் பராந்தகன். தில்லையம்பலத்திற்குப் பொன் வேய்ந்த பெருமையும் அவனுக்குரியது. வீரநாராயணன் என்னும் அவனது விருதுப்பெயர் வீராணம் ஏரியில் இன்றும் வாழ்கிறது.

2. முதல் வியவஸ்தை (919)

பல்லவர் காலத்தில் தோன்றிய பிரமதேயமான உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் தொண்டைமண்டலத்தில் சோழராட்சிக்கு உட்பட்டிருந்தது. 919இல் அரசாணையுடன் வந்த தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருக்க, அவ்வூர் மகாசபை வாரியத் தேர்வுக்கு விதி வகுத்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தேர்வு பெறுவோர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், முப்பது வயதிற்கு மேல் அறுபதிற்குள் அமைந்தவராகவும் இருத்தல் வேண்டும். அண்மை மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவர் விலக்கப்பட்டனர்.

3. இரண்டாண்டில் திருத்தம் (921)

இவ்விதி வகுக்கப்பட்ட இரண்டாண்டிற்குள் சபை மீண்டும் கூடியது. இம்முறை அரசாணையுடன் உடனிருந்தவர் சோமாசிப்பெருமான். பழைய விதி முற்றாக நீக்கப்படவில்லை. முப்பது குடும்புகளும் குடவோலையும் கால் வேலி வரம்பும் மூன்றாண்டு விலக்கும் நிலைத்தன. திருத்தம் மூன்று இடங்களில் கூர்மை பெறுகிறது.

முதலாவது தகுதி. வயது வரம்பு முப்பத்தைந்திற்கு மேல் எழுபதிற்குள் என மாறியது. ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்னும் விதிவிலக்கும் சேர்ந்தது. நிலவுடைமையின் இடத்தைக் கல்வி ஓரளவு நிரப்பலாம் என்பதே இதன் பொருள்.

இரண்டாவது கணக்குப் பொறுப்பு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் உறவினரும் தகுதி இழந்தனர். தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன் என உறவுமுறைகள் பெயர்சுட்டி அடுக்கப்பட்டன. நெருங்கிய உறவு என்னும் பொதுச்சொல்லுக்கு அவரவர் வேண்டியவாறு பொருள் கொள்ளும் வழி இதனால் அடைபட்டது.

மூன்றாவது தேர்வுமுறை. பெருங்குறி மகாசபையும் கோயில் நம்பிமாரும் நிறைந்திருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்துவார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று வாசிப்பான்; பின்னர் நம்பிமாரும் வாசிப்பர். ஒவ்வொரு படியும் கையூட்டும் கைமாற்றும் நுழையக்கூடிய ஓர் இடைவெளியை மூடுகிறது. இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் அமர்ந்தனர். பணிக்காலம் 360 நாள். குற்றம் காணப்பட்டவர் இடையிலேயே நீக்கப்பட்டனர்.

4. வேந்தனும் சபையும்

இவ்விரு கல்வெட்டுகளைக் கொண்டு சோழர் ஊராட்சியை முழுமையான மக்களாட்சி எனப் போற்றுவது பொருந்தாது. நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமண ஆடவர்க்கே வாரியங்கள் திறந்திருந்தன. உழுகுடிகளுக்கும் மகளிர்க்கும் அங்கு இடமில்லை. அரசனின் தலையீடு என ஒதுக்குவதும் முழு உண்மையாகாது. ஆணை அரசனுடையது, விதியை வகுத்துக் கல்லில் ஏற்றியது சபை. போர்களுக்கு நடுவே ஆண்ட வேந்தன் இரண்டாண்டு இடைவெளியில் இருமுறை ஓர் ஊரின் வாரியத் தேர்வுக்கு ஆணையும் அதிகாரியும் விடுத்தது, ஏரியையும் பொன்னையும் கணக்கையும் ஆளும் வாரியங்களின் நேர்மையில் அரசுக்கு இருந்த அக்கறையைக் காட்டுகிறது.

5. முடிவுரை

949இல் தக்கோலப் போர்க்களத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை எதிர்த்து நின்ற இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். தொண்டைமண்டலம் சோழர் கையைவிட்டு நழுவியது. ஏறத்தாழ 955இல் பராந்தகனின் ஆட்சி முடிந்தபோது அவன் வென்ற பரப்பில் பெரும்பகுதி எஞ்சவில்லை. எனினும் பார்த்திவேந்திரவர்மன் காலத்திலும் முதலாம் இராசேந்திரன் காலத்திலும் உத்தரமேரூர்ச் சபை தொடர்ந்து செயற்பட்டதை அவ்வூர்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வகுத்த விதியில் குறைகண்டு அதைத் திருத்தலாம் என்பதும், திருத்தியதை யாவரும் காணக் கல்லில் எழுதவேண்டும் என்பதும் அச்சபை விட்டுச்சென்ற நெறிகள். பராந்தகனின் வாழ்க்கையை மதிப்பிடுவோர் மதுரை வெற்றிக்கு அளிக்கும் இடத்தை இவ்விரு கல்வெட்டுகளுக்கும் அளித்தல் தகும்.