அர்ச். தொன் போஸ்கோவும் பேண்டு வாத்தியமும்



பள்ளிக்கூட விழாவில் பேண்டு முழங்கும்போது பெற்றோர் பூரித்துப்போகிறீர்கள். ஆனால் கொம்பைப் பிடிக்கவே தெரியாத பிள்ளையைத் தினந்தோறும் பழக்கி நிறுத்திய வாத்தியாரை நினைத்துப் பார்க்கிறீர்களா? அவருக்கும் உங்களுக்கும் பயன்படும்படி, அர்ச். தொன் போஸ்கோவின் சரித்திரத்தில் ஒரு பகுதியைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

இவர் 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி, வட இத்தாலியில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனார் இறந்தார். தாயார் மார்கரீத்தம்மாள் பாடுபட்டு வளர்த்தார். 1841-ல் குருப்பட்டம் பெற்று, துரின் நகரில் ஊழியம் தொடங்கினார்.

இன்று நம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை தேடி வெளியூர் வாலிபர் வருகிறார்கள் அல்லவா? அப்படியே அந்நகருக்கும் பையன்கள் வந்து குவிந்தார்கள், பலர் சிறுபிள்ளைகள். தொன் போஸ்கோ அவர்களைச் சேர்த்து, ஞாயிறுதோறும் ஞானோபதேசமும் விளையாட்டும், இரவு வேளையில் எழுத்தும் பாட்டும் கற்பித்தார். பெரிய அட்டைகளில் சுரங்களை எழுதி மாட்டி, எல்லாரையும் ஒன்றாகப் பாடச் செய்தார். ஒருவர் பலருக்கு ஒரே சமயத்தில் இசை கற்பிப்பது அங்கே அப்போது புதுமை. சங்கீத வித்துவான்களே வந்து பார்த்துப் போனார்கள்.

பிற்பாடு பித்தளை வாத்தியங்களோடு பேண்டும் ஏற்பட்டது. அதன் பொறுப்பு யோசேப்பு புசெத்தியிடம் இருந்தது. இவரும் சிறு வயதில் கொத்தனாருக்குச் சிற்றாளாக வந்தவரே.

1859-ஆம் ஆண்டு, சங்கீதத்துக்குப் பாதுகாவலியான அர்ச். செசிலியம்மாள் திருநாள் வந்தது. வெளியே போய் விருந்து சாப்பிட வேண்டாமென்று தொன் போஸ்கோ பேண்டுப் பையன்களுக்குச் சொல்லியிருந்தார். அவர்களோ கேளாமல் போய்விட்டார்கள். புசெத்தி மாத்திரம் போகவில்லை. பழகித் தேர்ந்த பேண்டு. ஊரார் மெச்சிய பேண்டு. ஆயினும் தொன் போஸ்கோ அதைக் கலைத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. வாத்தியங்களை வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்து, முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கும்படி புசெத்தியிடம் சொன்னார்.

இசையை வெறுத்தா இப்படிச் செய்தார்? இல்லை. இசையற்ற பிள்ளைகள் இல்லத்தை ஆத்துமம் இல்லாத சரீரமாக எண்ணியவர் அவர். ஆனால் பேண்டு பிள்ளைக்காகவே அன்றி, பிள்ளை பேண்டுக்காக அல்ல என்பதை அவர் மறக்கவில்லை.

பேண்டு வாத்தியார்களே, நன்றாக ஊதுகிறான் என்பதற்காக ஒருவனுடைய கீழ்ப்படியாமையைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். சுரம் தப்பியதற்காக மற்றொருவனை அவமானப்படுத்தாதீர்கள். தொன் போஸ்கோ பிரம்பை நம்பவில்லை. புத்தி சொல்லி, பக்தி ஊட்டி, சிநேகத்தோடு கூடவே இருந்து தப்பிதத்தை முன்னதாகத் தடுப்பதே அவர் முறை. விழா நெருங்கும்போது தேர்ந்த பேண்டை இழக்க நேர்ந்தாலும் கலங்காதீர்கள். புதுப் பிள்ளைகளோடு மறுநாளே தொடங்கலாம்.

பெற்றோரே, வாத்தியார் உங்கள் பிள்ளையைக் கண்டித்தால் உடனே அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், விசாரித்து அறியுங்கள்.

தொன் போஸ்கோ 1888 சனவரி 31-ந் தேதி மரித்தார்; 1934-ல் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்டார். அவருடைய சலேசிய சபையார் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்து நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஊழியம் தொடங்கினார்கள். சனவரி 31-ல் வரும் அவர் திருநாளன்று, உங்கள் பிள்ளைக்கு வாத்தியம் கற்பிப்பவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். நேரில் கண்டு நன்றியும் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குரு