பந்தாட்ட ஆசான் ஸ்டாக்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலாசாலைப் பந்தாட்டம் என வழங்குவது நாம் மாலைதோறும் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையிலேந்தி ஓடியும், எதிர்ப்பட்டோரை மோதி வீழ்த்தியும் ஆடும் முரட்டு ஆட்டம் அது. காயங்களும் மரணங்களும் மிகுந்தமையால், 1905ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கலாசாலையார் சிலரை வரவழைத்து அதனைச் சீர்ப்படுத்துமாறு வேண்ட நேர்ந்தது. இத்தகைய ஆட்டத்தைச் சற்றேறக்குறைய எழுபது ஆண்டுகள் மாணாக்கருக்குப் பயிற்றி, அதனை ஒழுக்கத்திற்கு ஒரு பள்ளியாக்க முயன்றவர் ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்பவர்.

இவர் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நியூ ஜெர்ஸி மாகாணத்தில், செருப்புத் தைத்துப் பிழைத்த ஏழை ஒருவரின் மகனாகப் பிறந்தார். குருத்தொழிலை நாடி யேல் சர்வகலாசாலையை அடைந்தபோது, குளிருக்கு அடுப்பும் இல்லாத மேன்மாடத்தில் தங்கி, அரைவயிறு உண்டு கற்றார். ‘பேஸ்பால்’ ஆட்டத்தில் பந்து வீசுவதில் வல்லவராதலால், கூலிக்கு ஆடும் கழகத்தார் பெருந்தொகை தருவதாக அழைத்தனர். வறுமையில் உழன்ற அவ்விளைஞர் மறுத்துவிட்டார். பொருளுக்காக ஆடுவது தம் நெறிக்கு ஒவ்வாது என்பது அவர் துணிபு. பிரசங்க மேடையில் தமக்கு நாவன்மை போதாது என்பதை உணர்ந்த பின், தேகப்பயிற்சியையே தம் ஊழியமாகக் கொண்டார்.

1892இல் சிக்காகோ சர்வகலாசாலை திறக்கப்பட்டது. அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் யேலில் ஸ்டாக்கின் ஆசிரியராயிருந்தவர். அவர் ஒரு சம்பளத்தைச் சொல்ல, ஸ்டாக் வியப்பால் வாய் திறவாதிருந்தாராம்; போதவில்லைபோலும் என்றெண்ணி ஹார்ப்பர் மேலும் மேலும் உயர்த்தினாராம். எவ்வாறாயினும், ஏனைய பேராசிரியர்க்கு நிகரான நிலைத்த பதவி விளையாட்டு ஆசிரியர் ஒருவருக்குக் கிடைத்தது அந்நாட்டிற்குப் புதுமை. முதலாண்டில் ஆட்கள் போதாமையால் ஆசிரியரே மாணாக்கருடன் களத்தில் இறங்கி ஆடினார்.

மதுவையும் புகையிலையையும் தீண்டாத அவர், தம்மிடம் பயில்வோரையும் அவ்வாறே வாழப் பணித்தார். வசைமொழியே முழங்கும் அக்களத்தில், பிழை செய்தவனைக் கழுதை என்றழைப்பதே அவர் கோபத்தின் எல்லை. பெரும்பிழை செய்தவன் இரட்டைக் கழுதையாவான். மனைவியார் ஸ்டெல்லா ஆட்டந்தோறும் அமர்ந்து, நிகழ்ந்தவற்றை வரைந்து உதவி வந்தார்.

ஆயினும், புகழ்வதோடு நின்றுவிடின் உண்மை குறைபடும். 1905ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், 56 ஆட்டங்களில் தோல்வியே காணாதிருந்த மிஷிகன் அணியைச் சிக்காகோ 2க்கு 0 என்ற கணக்கில் வென்றது. அவ்வணியின் மாவீரர் வால்ட்டர் எக்கர்சால். நாடு முழுதும் கொண்டாடப்பட்ட இவ்விளைஞர் கல்வியில் மிகவும் பின்தங்கியவர்; பட்டம் பெறாமலேயே கலாசாலையை விட்டு நீங்கினார். கூலி ஆட்டத்தை வெறுத்த ஸ்டாக், வகுப்பில் தேறாத ஒருவரை ஆண்டுக்காண்டு களத்தில் நிறுத்தியது எங்ஙனம்? 1902 முதல் அவர் நடத்திய உயர்தரப்பள்ளி ஓட்டப்பந்தயங்களும் நல்ல ஆட்டக்காரரைத் தம் கலாசாலைக்கு ஈர்க்கும் வலையாகவே பயன்பட்டன. ஒழுக்கமென்பதை மதுவிலும் நாவிலும் அத்துணை நுட்பமாகக் கண்ட கண், வெற்றி வேட்கையின் முன் சிறிது மூடியிருந்தது என்றே எண்ண வேண்டியிருக்கிறது. அப்பழியில் சர்வகலாசாலைத் தலைவருக்கும் பங்குண்டு. ஆட்டத்தின் புகழால் தம் கலாசாலை வளர்வதை ஹார்ப்பர் பெரிதும் விரும்பினார். மறு ஆண்டே மத்தியமேற்குக் கலாசாலைகள் கூடி, முதலாண்டு மாணாக்கர் ஆடலாகாது, மூன்றாண்டுகளுக்கு மேல் எவரும் ஆடலாகாது என்று விதித்தன.

எழுபது வயதில் ஓய்வு பெறுக என்றது சிக்காகோ விதி. ஆலோசகர் பதவியை ஏற்க மனமின்றி, 1933இல் காலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரிலிருந்த சிறிய பசிபிக் கலாசாலைக்குச் சென்றார். 1938இல் அவ்வணியைச் சிக்காகோவுக்கே அழைத்து வந்து, தாம் நாற்பதாண்டு வளர்த்த அணியை 32க்கு 0 என்று வென்றார். அடுத்த ஆண்டே சிக்காகோ பந்தாட்டத்தைக் கைவிட்டது. அவர் பெயர் தாங்கிய மைதானத்தின் மேற்குப் படிக்கட்டுகளின் கீழ் 1942 டிசம்பர் 2ஆம் நாள் அணுக்கருத் தொடர்வினை முதன்முதல் நிகழ்த்தப்பட்டது. ஆட்டம் ஓய்ந்த இடத்திற்கு விநோதமான விதி! 1943இல், 81ஆம் வயதில், அவ்வாண்டின் தலைசிறந்த பயிற்சியாசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர்ச் சஸ்குவஹன்னா கலாசாலையில் மகனுக்குத் துணையாயிருந்து, முடிவில் ஸ்டாக்டன் திரும்பி, இளங்கலாசாலை மாணாக்கருக்குப் பந்துதைக்கக் கற்பித்தார். 1960இல் பணியை விட்டபோது வயது 98.

1965 மார்ச் 17ஆம் நாள், 102ஆம் வயதில் காலமானார். மூன்றாம் பிரிவுக் கலாசாலைகளின் இறுதிப் போட்டி 1973 முதல் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. ஆட்டத்திறமைக்காக எந்த மாணாக்கனுக்கும் உதவித்தொகை அளிக்காத பிரிவு அது. 1969இல் மீண்டும் பந்தாட்டத்தைத் தொடங்கிய சிக்காகோவும் அப்பிரிவிலேயே ஆடுகிறது.