பெலா லுகோசி

பெலா லுகோசி (அக்டோபர் 20, 1882 - ஆகஸ்ட் 16, 1956) டிராகுலா என்னும் இரத்தக் காட்டேரி வேடத்தால் புகழ் பெற்ற ஹங்கேரிய-அமெரிக்க நடிகர் ஆவார். அன்றைய ஹங்கேரியின் (இன்றைய ருமேனியா) லுகோஸ் நகரில் பிறந்த இவர், ஊர்ப் பெயரையே மேடைப் பெயராகக் கொண்டார். ஹங்கேரிய மேடைகளில் ரோமியோ உள்ளிட்ட ஷேக்ஸ்பியர் பாத்திரங்களில் நடித்தார். நடிகர் சங்கம் அமைப்பதில் ஈடுபட்டதால், 1919இல் புரட்சி அரசு வீழ்ந்ததும் நாட்டை விட்டு வெளியேறினார்.

1927இல் பிராட்வே நாடகத்திலும் 1931இல் திரைப்படத்திலும் டிராகுலாவாக நடித்தார். அதன் பின்னர் பெரும்பாலும் திகில் வேடங்களே இவருக்குக் கிடைத்தன. 1948இல் "அபோட் அண்ட் காஸ்டெல்லோ மீட் பிராங்கன்ஸ்டைன்" என்ற நகைச்சுவைப் படத்தில் மீண்டும் டிராகுலாவாகத் தோன்றினார். வலிக்கு எடுத்த மார்பின் மருந்துக்கு அடிமையான இவர், 1955இல் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றார். மறைந்தபின் இவரது உடல் டிராகுலா மேலங்கியுடன் அடக்கம் செய்யப்பட்டது.