அடிமைகளின் மருத்துவர்: அருளாளர் ழாக் தெசிரே லவால்



செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் காரைக்கால் சாலைகளில் காவி உடுத்திய திருப்பயணிகளைக் காண்கிறோம். நாகூர், நாகப்பட்டினம் வழியாக அவர்கள் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். செப்டம்பர் 8 அன்னையின் பிறப்புப் பெருவிழா. நாம் அவரை ஆரோக்கிய மாதா என்றே அழைக்கிறோம். உடல்நலம் கேட்டுத்தான் பெரும்பாலோர் அங்கே முழந்தாளிடுகிறோம்.

அதே இரவில் கடலுக்கு அப்பால் மொரீசியஸ் தீவிலும் ஒரு மக்கள் கூட்டம் நடக்கிறது. போர்ட் லூயிஸ் நகரின் புறத்தே சேன்ட் குருவா என்னும் இடத்தில் உள்ள ஒரு கல்லறைக்கு அவர்கள் போகிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, தமிழ் இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். அங்கே துயில் கொள்பவர் அருளாளர் ழாக் தெசிரே லவால். குருவாகும் முன் அவர் ஒரு மருத்துவர்.

1803 செப்டம்பர் 18 அன்று பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் குரோத் என்னும் சிற்றூரில், வசதியான விவசாயக் குடும்பத்தில் லவால் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பாரிஸ் நகரில் மருத்துவம் பயின்று 1830-இல் பட்டம் பெற்றார். சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி வந்து மருத்துவம் பார்த்தார். நல்ல வருமானம், நல்ல குதிரை, நல்ல உடை என்று வாழ்ந்த இளைஞர் அவர். செபமும் திருப்பலியும் மெல்ல மெல்ல மறந்துபோயின. ஒரு நாள் குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். அந்த விழுகை அவரை யோசிக்க வைத்தது. 1835-இல் குருமடத்தில் சேர்ந்தார். 1838 டிசம்பரில் குருவாக அருள்பொழிவு பெற்று, பென்தெர்வில் என்னும் ஏழைப் பங்கில் பணியாற்றினார். பின்னர் அருட்தந்தை பிரான்சிஸ் லிபர்மன் தொடங்கிய மறைபோதகக் குழுவில் இணைந்தார். 1841 செப்டம்பர் 14 அன்று ஆயர் காலியருடன் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினார்.

அவர் கண்ட தீவு எப்படி இருந்தது? அதை அறிய நம் ஊர்க் கதையையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அக்காலத்தில் மொரீசியஸ் ஆளுநராக இருந்தவர் லபூர்தொனே. துறைமுகம் கட்டவும் கப்பல் பழுதுபார்க்கவும் நம் கடற்கரையிலிருந்து தச்சர்களும் கொத்தர்களும் அங்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். 1810-இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1835 பிப்ரவரி 1 அன்று அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் பழைய எசமானிடமே உழைக்க வேண்டியிருந்தது. 1839-இல்தான் முழு விடுதலை கிடைத்தது.

விடுதலைக்காக எசமான்களுக்கு இங்கிலாந்து அரசு சுமார் 20 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமையாய் இருந்தவருக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு நிலம் இல்லை, பள்ளி இல்லை, நோயுற்றால் பார்க்க ஆளில்லை. அடிமை நோயில் விழுந்தால் நட்டம் என்று எண்ணியாவது முன்பு எசமான் மருந்து கொடுத்தான். இப்போது அந்தக் கணக்கும் இல்லை. விலை பேசப்பட்ட உடலுக்கு மருந்து இருந்தது, விடுதலை பெற்ற மனிதருக்கு இல்லை. இதுதான் காலனி ஆட்சி விட்டுச் சென்ற நோய்களில் மிகக் கொடியது.

இந்த மக்களிடம் அருட்தந்தை லவால் போனார். முதலில் அவர்களுடைய கிரியோல் மொழியைக் கற்றார். அம்மொழியிலேயே எளிய மறைக்கல்வி தயாரித்தார். பெரிய திருப்பலியில் வெள்ளையர் மத்தியில் இவர்களுக்கு மரியாதையான இடம் இல்லாததால், இவர்களுக்கெனத் தனித் திருப்பலி வைத்தார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருபவர்களுக்கு இரவில் பாடம் நடத்தினார். அவர்களில் இருந்தே வேதியர்களை உருவாக்கினார். நோயாளிகளைப் பார்க்கவும், இறப்பவர் அருகில் இருக்கவும், ஏழைகளுக்கு உதவவும் பங்கின் ஆண்களையும் பெண்களையுமே பழக்கினார். மருத்துவர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய செயல் இது என்று தோன்றுகிறது. தான் ஒருவர் மட்டும் கவனித்தால் போதாது, ஒருவரை ஒருவர் கவனிக்கும் சமூகம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வெள்ளையரில் பலர் அவரை ஏளனம் செய்தார்கள், மிரட்டினார்கள். அவரோ பதில் பேசாமல் மருத்துவமனைக்கும் சிறைச்சாலைக்கும் குடிசைகளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். 1854-இல் காலரா தீவைத் தாக்கியபோதும் சாகக் கிடந்தவர்களின் பக்கத்தில் இருந்தார்.

அந்தக் காலராவுக்கு யார் காரணம் என்ற கேள்வி எழுந்தபோது, விரல்கள் கப்பலில் வந்த இந்தியக் கூலிகளை நோக்கி நீண்டன. அடிமைகளுக்குப் பதிலாக 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். 1856 சனவரியில் கல்கத்தாவிலிருந்து வந்த இரு கப்பல்களில் காலரா இருந்ததால், பயணிகளைத் துறைமுகத்தில் இறக்காமல் கேப்ரியல் என்னும் சின்னஞ்சிறு தீவில் இறக்கினார்கள். தொற்று பரவாமல் ஒதுக்கி வைப்பது தவறல்ல. ஆனால் போதிய கூரையும் நீரும் மருந்தும் இன்றி அவர்கள் விடப்பட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தார்கள். வெள்ளைப் பயணிகளாய் இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பார்களா?

தோட்டங்களிலோ, வேலைக்கு வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் வழக்கம் இருந்தது. உடம்பு முடியாதவனையும் அது வயலுக்கு விரட்டியது. பிரெஞ்சுத் தீவுகளிலும் நிலைமை வேறல்ல. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறியவர்கள் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். நடத்தப்பட்ட விதம் குறித்த புகார்கள் மிகுந்ததால், ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882-இல் ஆங்கில இந்திய அரசு நிறுத்தியது. பிழைக்கப் போய்த் திரும்பி வராதவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு.

ஓயாத உழைப்பு லவாலின் உடலைத் தளரச் செய்தது. 1864 செப்டம்பர் 9 அன்று அவர் இறையடி சேர்ந்தார். அடக்கச் சடங்கில் சுமார் 40,000 பேர் கூடினார்கள் என்பர். தீவின் எல்லா இனத்தவரும் அதில் இருந்தார்கள். 1979 ஏப்ரல் 29 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக உயர்த்தினார். அத்திருத்தந்தையின் காலத்தில் நடந்த முதல் அருளாளர் பட்டமளிப்பு அதுவே. 2019 செப்டம்பர் 9 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அக்கல்லறையில் செபித்தார்.

அன்பு உள்ளங்களே, இவையெல்லாம் வெள்ளையர் செய்த பாவம் என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. 1745-இல் புதுச்சேரி ஆலயத்துக்குள்ளேயே சாதி மக்களையும் தாழ்த்தப்பட்ட மக்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கல் சுவர் போய்விட்டது. மனச் சுவர் போய்விட்டதா?

இன்று நம் ஊர்களில் வடமாநிலத் தொழிலாளர் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வருகிறார்கள். மொழி தெரியாமல் மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள். அன்று போர்ட் லூயிஸ் கரையில் நம் பாட்டனார் நின்றதும் இப்படித்தான். அவர்களுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல நம்மில் ஒருவர் முன்வருகிறோமா? துப்புரவுத் தொழிலாளி வந்தால் முகம் சுளிக்காமல் வரிசையில் இடம் விடுகிறோமா? காயப்பட்டவனின் இனத்தைக் கேட்காமல் குனிந்தவரே நல்ல சமாரியர்.

இவ்வாண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கும்போது நம் நலனுக்காக மட்டும் மன்றாட வேண்டாம். பார்ப்பாரின்றிப் படுத்திருக்கும் ஒருவரையாவது நினைத்துக்கொள்வோம். திரும்பி வந்ததும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். ஆரோக்கிய அன்னையும் அருளாளர் லவாலும் நமக்குத் துணை நிற்பார்களாக. ஆமென்.