மீனாட்சியம்மாள் நடேசய்யர்

மாணவர்களே, மலையகத் தொழிற்சங்க வரலாறு பற்றி வினா வந்தால் கோ. நடேசய்யரின் பெயரை நீங்கள் தவறாது எழுதிவிடுகிறீர்கள். அவரோடு தோட்டந்தோட்டமாகச் சென்று போராடிய மனைவி மீனாட்சியம்மாளை எழுதுவோர் மிகச் சிலரே.

தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த நடேசய்யர் 1920இல் இலங்கையில் குடியேறினார். அவர் நடத்திய 'தேசபக்தன்' பத்திரிகையில் மீனாட்சியம்மாளும் பணியாற்றி எழுதினார். டொனமூர் ஆணைக்குழு வந்த காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வாதாடினார். 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்ததைப் படிக்கும்போது இவரையும் சேர்த்து நினைவிற் கொள்க.

அக்காலத்தில் தோட்டத்தினுள் வெளியார் நுழைவதே குற்றம். தொழிலாளரில் பெரும்பாலோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. துண்டுப் பிரசுரம் கொடுத்து என்ன பயன்? மீனாட்சியம்மாள் பாடினார். தொழிலாளருக்குப் பழகிய மெட்டுகளில் அவர்களது கஷ்டங்களையே பாட்டாகக் கட்டினார். பாட்டைக் கேட்டுக் கூட்டம் சேரும். அதன் பின்பே பேச்சு தொடங்கும். உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கேட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல கைகளை ஒரே நேரத்தில் அசைய வைப்பது பாட்டுத்தான்.

கேட்டவர்களிற் பலர் கொழுந்து பறிக்கும் பெண்கள். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இந்த இரு எண்களையும் மனனம் செய்யுங்கள். பெண்கள் ஏன் போராட்டத்துக்கு வந்தார்கள் என்ற வினாவுக்கு அவையே பாதி விடை.

1931இல் நடேசய்யர் அட்டனைத் தளமாகக் கொண்டு இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அதன் கூட்டங்களிலும் மீனாட்சியம்மாளின் குரல் ஒலித்தது.

1939இல் அரசாங்க வேலைகளிலிருந்த இந்திய நாட்கூலியாளரை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. இதற்கு எதிராக அவர் பாடல்கள் இயற்றினார். அவை 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறு நூலாக வெளிவந்தன. வேலையும் உரிமையும் பறிபோகுமோ என்ற அச்சம் அப்போதே பாட்டாகிவிட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அந்த வினாவுக்கு விடை எழுதும்போது 1948இலிருந்து தொடங்காதீர்கள். இந்நூலின் பெயரையும் ஆண்டையும் முதலில் எழுதுங்கள்.